இல்லாத படத்துக்கு ஒரு ட்ரெய்லர்: விஸ்காம் புராஜெக்டில் இறங்கும் முன்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டில் “ஒன்றரை நிமிஷ ட்ரெய்லர், ஒரு போஸ்டர், ஆய்வுக் கோப்பு, கடைசியில் தன்மதிப்பீட்டு அறிக்கை” என்று புராஜெக்ட் கொடுக்கும்போது காதுக்கு லேசாகத்தான் இருக்கும். குறும்படம் என்றால் பதினைந்து நிமிஷம் எடுக்கணும், இது தொண்ணூறு நொடிதானே என்று வகுப்பே சிரிக்கும். ஆனால் நிஜப் படத்துக்கு ட்ரெய்லர் வெட்டுகிறவர் கையில் முழுப்படமும் இருக்கிறது. அதிலிருந்து பொறுக்கினால் போதும். மாணவர் கையில் படமே இல்லை. திரையில் இரண்டு நொடி வந்து போகும் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக இடம், ஆள், உடை, வெளிச்சம் எல்லாம் வேண்டும். ஒரே அறையில் பதினைந்து நிமிஷக் குறும்படம் எடுத்துவிடலாம், ஒரே அறையில் ட்ரெய்லர் எடுக்க முடியாது. கோவைப் பக்கம் எங்கள் குழு இதை முடித்தபோது ட்ரெய்லரோடு கொஞ்சம் கடனும் மிஞ்சியது. காமிராவுக்குப் போன காசு கம்மி. காற்றுக்கும் வெயிலுக்கும் அனுமதிக்கும் சாப்பாட்டுக்கும் போனதுதான் அதிகம். முந்தைய வருஷத்துக்காரர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை என்ற கோபம் இன்னும் இருக்கிறது. அதனால் வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆய்வு. இதை ஒப்புக்குச் செய்கிறவர்கள்தான் படப்பிடிப்பில் திணறுவார்கள். உங்கள் வகைமையில் (த்ரில்லர், காமெடி மாதிரி) நான்கு ட்ரெய்லர், வேறு வகைமையில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று விதமாகப் பாருங்கள்: ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது முறை பிரேம் பிரேமாக. யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாகப் பின்னும் முன்னும் நகரும். ஒரு விரிதாளில் நேரம், ஷாட் அளவு, காமிரா அசைவு, வசனம், இசை, எழுத்து அட்டை என்று ஆறு கட்டம் போட்டு நிரப்புங்கள். பத்து நொடிக்கு எத்தனை வெட்டு என்று எண்ணி ஒரு வரைபடமும் போடுங்கள். நாங்கள் பார்த்த த்ரில்லர்களில் கோடு ஆரம்பத்தில் தாழ்வாக ஓடி, நடுவில் மெல்ல ஏறி, முக்கால் பங்கில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து, பிறகு செங்குத்தாக ஏறியது. அந்தப் பூஜ்யம்தான் இசையெல்லாம் நின்று ஒற்றை மூச்சோ ஒற்றை வசனமோ கேட்கிற இடம். கண்ணை மூடிக் கேட்காதவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

கோட்பாட்டுப் பெயர்களைக் கோப்பில் அடுக்குவதால் மட்டும் மதிப்பெண் வராது. திட்டத்துக்குள் வேலை செய்தால்தான் வரும். கதையியல் அறிஞர் டோடரோவ் சொன்ன சமநிலை, குலைவு, மீட்சி என்ற ஓட்டத்தில் ட்ரெய்லர் முதல் இரண்டை மட்டும் காட்டிவிட்டு மூன்றாவதை ஒளித்துவைக்க வேண்டும். இலக்கியக் கோட்பாட்டாளர் ரோலான் பார்த் 1970இல் வகுத்த ஐந்து குறியீடுகளில் புதிர்க் குறியீடு ஒன்று. ட்ரெய்லர் முழுக்க அதன் வேலைதான். ஆகவே தாளில் எழுதும் முதல் வரி கதைச் சுருக்கமாக இருக்க வேண்டாம், பார்க்கிறவர் மனதில் எழ வேண்டிய கேள்வியாக இருக்கட்டும். திரைப்பட ஆய்வாளர் ஸ்டீவ் நீல் வகைமை என்பதைத் திரும்ப வருவதும் மாறுபடுவதும் சேர்ந்தது என்கிறார். இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் “எல்லாரும் எதிர்பார்ப்பது”, வலப்பக்கம் “இங்கே மட்டும் கிடைப்பது” என்று எழுதிப் பாருங்கள். இருட்டு வராந்தா, டார்ச் லைட், ஓடும் கால்கள் எல்லாம் இடப்பக்கம் போகும். வலப்பக்கம் காலியாக இருந்தால் கதையை மாற்ற வேண்டும்.

எங்கள் கதை ‘மூணாவது ஷிப்ட்’. மூடிக் கிடக்கிற நூற்பாலையில் இரவுக் காவல் பார்த்த அப்பா காணாமல் போகிறார், மகள் தேடிப் போகிறாள். வலப்பக்கம் நிரம்பியது இதனால்தான்: நள்ளிரவு ஷிப்டுக்குச் சைக்கிளில் போகும் ஆட்கள், ஆலைச் சங்கு, தலைமுடியில் ஒட்டிய பஞ்சு, ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் இரைச்சல். இதற்கு நிறுவனப் பின்னணி ஆய்வும் வீணாகாது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் கோவையில் ஆலை தொடங்கியது, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகியது, தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றது, இவையெல்லாம் கதாபாத்திரத்தின் வயதையும் அப்பாவின் வேலையையும் நிர்ணயிக்கிற செய்திகள். சினிமாத் தொழில் பற்றிய பகுதியிலும் பலர் ஹாலிவுட் ஸ்டுடியோக்களை எழுதி நிரப்புகிறார்கள். ரயில்வேயில் வரைவாளராக இருந்து 1905இல் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டியது நம் ஊரில். பட்சிராஜா ஸ்டுடியோ நம் ஊரில். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு ஏற்காடு ரோட்டில் இன்னும் நிற்கிறது. நேரில் போய்ப் படம் எடுத்துக் கோப்பில் ஒட்டக்கூடிய ஆய்வு இது.

பார்வையாளர் ஆய்வுக்கு எல்லாரும் கூகுள் படிவம் அனுப்புவார்கள். “உங்களுக்குத் த்ரில்லர் பிடிக்குமா?” என்று கேட்டால் நண்பர்கள் பிடிக்கும் என்பார்கள், அதிலிருந்து ஒரு ஷாட்டைக்கூட முடிவுசெய்ய முடியாது. உதவுகிற வழி வேறு. ஸ்டோரிபோர்டுப் படங்களைப் போனில் போட்டோ எடுத்து, வெட்டு நேரத்தோடு அடுக்கி, தற்காலிகச் சத்தம் சேர்த்து ஒரு அனிமேட்டிக் செய்யுங்கள். அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். இருபதாவது நொடியில் நிறுத்தி “இது எதைப் பத்தின படம்? அடுத்து என்ன நடக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். முடிந்ததும் “எது புரியலை?” என்று கேளுங்கள். வகுப்புத் தோழர்கள் வேண்டாம், அவர்களுக்கு ஏற்கெனவே கதை தெரியும். பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள், விடுதி வார்டன், பக்கத்து வீட்டு அக்கா, ஆலையில் சைடராகவோ (நூற்பு இயந்திரத்தைக் கவனிப்பவர்) டாஃபராகவோ (நூல் நிரம்பிய பாபினை மாற்றுபவர்) வேலை பார்த்த பெரியவர் என்று எட்டுப் பேர் போதும். ஒரு பெரியவர் எங்கள் அனிமேட்டிக்கைப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, மில்லு மூடிக் கெடக்குதுங்கறீங்க, அப்பறம் சங்கு எப்புடி ஊதுது?” என்றார். அதுதான் எங்கள் ட்ரெய்லரின் புதிராகவே ஆனது. ஐம்பது பேர் நிரப்பிய படிவம் இதைத் தந்திருக்காது.

அடுத்து நேரக் கணக்கு. தொண்ணூறு நொடியை மூன்று முப்பதாகப் பிரியுங்கள். முதல் முப்பதில் ஷாட்டுக்கு மூன்று நொடி வீதம் பத்து ஷாட். இரண்டாவதில் இரண்டு நொடி வீதம் பதினைந்து. மூன்றாவதில் தலைப்புக்கும் எழுத்துக்கும் எட்டு நொடி போக, மிச்சம் இருபத்திரண்டில் 0.8 நொடி வீதம் இருபத்தேழு. ஆக ஐம்பத்திரண்டு ஷாட். பழக்கமில்லாத குழு ஒரு நாளில் பதினைந்திலிருந்து இருபது ஷாட் எடுப்பதே பெரிசு, அதுவும் இடம் மாறாமல் இருந்தால். எனவே மூன்று நாள். இடத்துக்கு இடம் ஓடினால் ஐந்து நாள். இந்தக் கணக்கைத் தாளில் பார்த்த பிறகுதான் ஏழு இடங்கள் வைத்திருக்கும் குழு நான்காகக் குறைக்கும். ஒரே தோட்டத்துச் சாளைக்குள் (தோட்டத்து வீடு) சமையலறை, வராந்தா, கிணற்றடி, மாட்டுக் கட்டுத்தரை என நான்கு இடம் கிடைக்கும்போது நான்கு ஊருக்குப் போவது வீண்.

எடுப்பது இரண்டு நொடிதான் என்று நடிகரை இரண்டு நொடி மட்டும் நடிக்கச் சொன்னால் அது விளம்பர போட்டோ மாதிரி விறைப்பாக வரும். ஒவ்வொரு துண்டும் ஒரு காட்சியிலிருந்து பிய்ந்து வந்தது போல இருக்க வேண்டும். அதற்கு அந்தக் காட்சி என்னவென்று அரைப்பக்கம் எழுதி, முப்பது நொடியாவது ஓடவிட்டு நடிக்கவைத்து, நடுவிலிருந்து வெட்டி எடுங்கள். மகள் அப்பாவின் டிபன் கேரியரைக் கண்டெடுப்பது ஷாட் என்றால், அவள் வாசலில் நுழைவதிலிருந்து காமிரா ஓடட்டும். முகத்தில் வரும் மாற்றம் அந்த ஓட்டத்தில்தான் கிடைக்கும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் எடிட்டிங்கில் கைகொடுப்பது இது ஒன்றுதான்.

சத்தத்தை ஷாட்டுக்கு முன்பே திட்டமிடுங்கள். எங்களிடம் முதலில் இருந்தது ஒரு சத்த வரிசைதான்: ரிங் பிரேம் இரைச்சல், அது சட்டென்று நிற்பது, நிசப்தத்தில் டிபன் கேரியர் மூடி உருளும் ஓசை, தூரத்தில் சங்கு, பிறகு உருமி. இதை ஒலி எடிட்டரில் தொண்ணூறு நொடிக்கு அடுக்கிய பிறகே ஷாட்கள் எழுதப்பட்டன. இசையின் வேகத்துக்கும் பிரேம் வீதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, இது யாரும் சொல்லித் தராதது. நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு அரை நொடி. நொடிக்கு 24 பிரேமில் எடுத்தால் அது சரியாக 12 பிரேம். 25 பிரேமில் பன்னிரண்டரை, ஒன்றுவிட்டு ஒரு தட்டில் வெட்டு தாளத்தில் உட்காராது. 25 பிரேமில் எடுப்பதாக இருந்தால் 125 தட்டு (12 பிரேம்) அல்லது 100 தட்டு (15 பிரேம்) என்று இசையை அமைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட்டுக்கும் மலிவு எல்இடிக்கும் கீழே பட்டை ஓடாமல் இருக்க 25 பிரேமும் 1/50 ஷட்டரும்தான் நிம்மதி.

இசை உரிமை பற்றி: பாடல்களையோ பிற படப் பின்னணி இசையையோ போட்டால் வகுப்பில் காட்டுவதற்குச் சிக்கல் வராமல் போகலாம், யூடியூபில் ஏற்றியதும் உரிமைக் கோரல் வந்துவிடும். நம் பக்கத்தில் ஜமாப் செட் என்ற மேளக் குழுவுக்கும் உருமி, பம்பை, உடுக்கைக்கும் பஞ்சமில்லை. கோயில் நோம்பி (திருவிழா) இல்லாத மாசத்தில் கேட்டால் ஒரு மணி நேரம் வாசிக்க நியாயமான தொகைக்கு ஒத்துக்கொள்வார்கள். மரபுத் தாளம் எல்லாருக்கும் பொது. ஆனால் வாசித்தவருக்குக் கலைஞர் உரிமை காப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் யார் வாசித்தது, எதற்குப் பயன்படுத்தலாம், எவ்வளவு கொடுத்தது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், திரையில் பெயர் போடுங்கள். வாசிப்பு வேகத்தைப் போன் மெட்ரோனோமில் முன்பே காட்டிவிடுங்கள். இல்லையென்றால் உற்சாகத்தில் 140க்குப் போய்விடும்.

இனி இடம். பணம் கரைந்தது இங்கேதான். மூடிய ஆலை தெருவுக்குத் தெருவு நிற்கிறது, ஆனால் உள்ளே விடுவது லேசில்லை. அரசு நிறுவன ஆலை என்றால் வாசல் காவலர் கையில் எதுவும் இல்லை, மேலே எழுதிப் பதில் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். தனியார் ஆலை, பழைய பஞ்சுக் குடோன், ஓடாத தறிக்குடோன் என்று கேளுங்கள். பார்க்கப் போகும்போது நாலு பேராகப் போகாமல் இரண்டு பேர், கல்லூரிக் கடிதத்தோடு, பகலில் போங்கள். “உள்ள பாம்பு கெடக்குதுங் தம்பி, பகல்லயே நாங்க போறதில்லீங்” என்று காவலர் சொன்னால் அது பயமுறுத்தல் கிடையாது, தகவல். மூடிய கட்டடத்தில் உளுத்த கூரைத் தகடு, திறந்த சாக்கடைக் குழி, பாம்பு, தேள் எல்லாம் இருக்கும். எல்லாருக்கும் ஷூ, ஆளுக்கொரு டார்ச், கிட்டத்து அரசு மருத்துவமனை எது என்று கால் ஷீட்டில் (அன்றைய படப்பிடிப்பு விவரத் தாள்) ஒரு வரி. பஞ்சுத் தூசி படிந்த இடத்தில் புகைக்காகச் சாம்பிராணி போடவே போடாதீர்கள். ஒரு பொறி போதும். வீட்டுக் காட்சிகளுக்குச் சாம்பிராணிப் புகை புகை மெஷினைவிட அழகாக நிற்கும், அது வேறு விஷயம். அங்கேயும் ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும்.

தோட்டத்துக்காரரிடம் இடம் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள், டீயும் கிடைக்கும். ஆனால் அவர்கள் வேலை நேரத்தை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் பம்ப் செட் ஓடும், அதை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை. “மோட்டார நிறுத்திப்போட்டா தென்னைக்கு யாரு கண்ணு தண்ணி உடறது?” என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. மும்முனை நேரம் தெரிந்தால் வசனக் காட்சியை மற்ற நேரத்துக்குத் தள்ளலாம். அதேபோல மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைச் செய்தித்தாளில் பாருங்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை போனால் லைட்டும் சார்ஜரும் அவ்வளவுதான். சோமனூர், பல்லடம் பக்கம் ஓடுகிற தறிக்குடோனில் படம் எடுத்தால் வசனத்தை அங்கே பதிவுசெய்ய நினைக்காதீர்கள். படத்தை அங்கே எடுத்துவிட்டு வசனத்தை வேறிடத்தில் பேசவைத்துச் சேருங்கள், தறிச்சத்தத்தைத் தனியாக ஒரு நிமிஷம் பதிவுசெய்து கீழே போடுங்கள்.

அனுமதி என்றால் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு கதவு. ரயில் நிலையம் வேண்டுமென்றால் ஸ்டேஷன் மாஸ்டரைக் கெஞ்சிப் பயனில்லை, ரயில்வே நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். கோவை ஜங்ஷன் சேலம் கோட்டம்; பொள்ளாச்சி ஜங்ஷன் பாலக்காடு கோட்டம். பக்கத்து ஊர்தானே என்று ஒரே கடிதத்தை அனுப்பினால் வாரக்கணக்கில் அலையவிடும். டாப்ஸ்லிப், வால்பாறைப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை அனுமதியில்லாமல் படப்பிடிப்பு என்றால் காமிரா போகும். சாலை, சந்தை, பஸ் ஸ்டாண்டில் எடுக்கும் முன் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தேதி, நேரம், ஆட்கள் எண்ணிக்கையோடு கடிதம் கொடுத்து ரசீது முத்திரை வாங்குங்கள். பொம்மைத் துப்பாக்கியோ அட்டை அரிவாளோ பொது இடத்தில் வெளியே எடுக்கவே வேண்டாம்; பார்க்கிறவருக்கு அது அட்டை என்று தெரியாது. சிறுவர்கள் நடித்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் பெற்றோரில் ஒருவர் கூடவே இருப்பதும் கட்டாயம். தொழில்முறைப் படங்களிலேயே குழந்தை நடிகரை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் நடிக்கவைக்கக் கூடாது. மாணவர் படம் அதைவிடக் கடுமையாக இருக்க முடியுமா என்ன?

டிரோன் ஷாட் ஒன்று இருந்தால் பெரிய படம் மாதிரித் தெரியும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். எங்கள் முன்பணம் 2,000 ரூபாய் அந்த ஆசையில் போனது. முன்பதிவு வாங்கியவர் கடைசி நேரத்தில் “அந்த ஏரியாவுல ஏத்த முடியாதுங்க” என்றார், பணம் திரும்பவில்லை. 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், அனுமதி வேண்டும். 8 முதல் 12 வரை அனுமதியில்லாமல் 200 அடி உயரம்தான். அதற்கும் உள்ளே நினைக்கவே வேண்டாம். பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் என்று இருக்கும்போது கோவை நகரத்தில் பெரும்பகுதி இதில் விழுந்துவிடும். முன்பணம் கொடுக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள், ஆபரேட்டரிடம் டிரோனின் பதிவு எண்ணைக் கேளுங்கள், அனுமதி கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று வாட்ஸாப்பிலாவது எழுதி வாங்குங்கள். நாலு மாடி மொட்டை மாடியிலிருந்து எடுத்த ஷாட் ட்ரெய்லரில் ஒன்றரை நொடிக்கு அதே வேலையைச் செய்தது.

காற்றும் வெளிச்சமும் இந்தப் பக்கத்துக்கே உரிய தொல்லைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரை அடிக்கும் காற்றில்தான் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று உங்கள் மைக்கையும் அறையும். மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் உறை மூச்சுக்காற்றைத் தாங்கும், ஆடிக்காற்றைத் தாங்காது. ரோம உறை வேண்டும். வாங்கக் காசில்லை என்றால் பொம்மைக் கரடியின் ரோமத் துணியை வெட்டி ஸ்பாஞ்சுக்கு மேல் தைத்துக்கொள்ளலாம், நன்றாகவே வேலை செய்யும். தென்னந்தோப்பில் மட்டைகள் உரசும் ஓசை பதிவில் மழை போலக் கேட்கும். காற்று மாசங்களில் வசனத்தை விடிகாலையில் எடுப்பதே புத்தி. ஆனால் விடிகாலையில் மயில்கள் இருக்கின்றன. திருப்பூர், கோவைக் காட்டுப் பக்கம் இப்போது மயில் அகவாத டேக் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வசனத்தையும் ஒரு தடவை கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி. ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் வாயை மூடி முப்பது நொடி வெறும் சூழல் ஒலி பதிவுசெய்யுங்கள். வெட்டுகளை ஒட்டும் பசை அது.

மாலை வெளிச்சத்தைப் பஞ்சாங்க நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டிசம்பரில் ஆறு மணி சுமாருக்கும் ஜூனில் ஆறே முக்காலுக்கும் சூரியன் மறையும் என்பது சமவெளிக் கணக்கு. தொண்டாமுத்தூர், ஆனைகட்டி, சிறுவாணி ரோடு எல்லாம் மலையடிவாரம். மேற்கே மலை நிற்பதால் சூரியன் முன்னாடியே மலைக்குப் பின்னால் போய்விடும். பொன் வெளிச்சம் என்று நினைத்து ஐந்தரைக்குப் போய் இறங்கினால் தரையில் நிழல்தான் இருக்கும். முதல் நாளே அதே இடத்தில் நின்று நிழல் விழும் நேரத்தைப் போனில் படமெடுத்து வாருங்கள். உச்சி வெயிலில் முகத்தில் கண்குழி கறுக்கும். அந்த நேரத்தை உள்காட்சிக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். சாப்பாடு என்றதும்: ஒன்பது பேர், ஆளுக்கு 200 ரூபாய் என்றாலே நாளுக்கு 1,800, மூன்று நாளுக்கு 5,400. இதைப் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதுங்கள். பெட்ரோல் அடுத்த வரி. இவற்றோடு ஐந்தில் ஒரு பங்கு எதிர்பாராச் செலவுக்கு வையுங்கள்.

காமிரா பற்றி நீட்டப்போவதில்லை. நல்ல போன் போதும். பிளாக்மேஜிக் காமிரா செயலி இலவசம், ஷட்டர், வெள்ளைச் சமநிலை, போகஸ் மூன்றையும் பூட்டலாம். 1080 தெளிவில் 50 மெகாபிட் வேகத்தில் நிமிஷத்துக்கு 375 எம்பி, மணிக்கு 22 ஜிபிக்கு மேல். இடத்தைக் காலிசெய்துகொண்டு போங்கள், அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். பல போன்கள் பிரேம் வீதத்தை ஓட்டத்தில் மாற்றிக்கொண்டே எடுக்கும்; தனியாகப் பதிவான சத்தம் அதோடு மெல்ல விலகும். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச மென்பொருளில் மாறாத 25 பிரேமாக மாற்றிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. லைட்டும் லென்ஸும் வாடகைக்கு எடுத்தால், கடையிலேயே, கடைக்காரர் எதிரிலேயே ஒவ்வொரு பொருளையும் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கீறியிருந்த பில்டருக்கு எங்கள் வைப்புத் தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வாதாடக் கையில் எதுவும் இல்லை.

வசனத்தில் ஒரு எச்சரிக்கை. சினிமாவில் கோவைப் பேச்சு என்றால் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுவிடுகிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மகள் அப்பாவிடம் பேசும் சுருதி வேறு, காவலாளி முதலாளியிடம் பேசுவது வேறு. சம்மதம் கேட்டுப் பேக்கரியில் பத்து நிமிஷம் பேச்சைப் பதிவுசெய்து, எழுதி, அதிலிருந்து வரிகளை எடுங்கள். ட்ரெய்லருக்கு ஐந்தாறு வரிகள் போதும். அவற்றில் ஒன்றாவது கேள்வியாக இருக்கட்டும், அதற்குப் பதில் வரவே கூடாது.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு தாராளம். தமிழ் எழுத்து போடும்போதுதான் கண்ணில் தண்ணி வரும்; சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிரீமியரிலும் போட்டோஷாப்பிலும் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் சரியாகும். மாறாவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து டைம்லைனில் வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன் (Catamaran), முக்தா மலர், மீரா இனிமை எல்லாம் கட்டணமில்லாத திறந்த உரிம எழுத்துருக்கள். போஸ்டரிலும் ட்ரெய்லரிலும் ஒரே எழுத்துருவை வைத்தால்தான் இரண்டும் ஒரே படத்தின் விளம்பரம் என்று தெரியும். இன்னொன்று: நிஜப் படம் போலத் தெரிய இணையத்திலிருந்து தணிக்கைச் சான்றிதழை எடுத்து முன்னால் ஒட்டாதீர்கள், அது போலி ஆவணம். 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் படம் எதில் விழும், ஏன் என்று கோப்பில் ஒரு பத்தி எழுதுங்கள். அதற்கு மதிப்பெண் உண்டு.

கடைசி ஏற்றுமதி: எச்.264, 1080, 25 பிரேம், 16 மெகாபிட்; தொண்ணூறு நொடிக்குச் சுமார் 180 எம்பி வரும். சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ், வசன உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பிறகு பென்டிரைவை எடுத்துக்கொண்டு கல்லூரி செமினார் ஹாலுக்குப் போய், மதிப்பீட்டுக்கு முந்தின நாளே அந்தப் புரொஜக்டரில் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் அழகாக இருக்கும் இரவுக் காட்சி, திரைச்சீலை சரியாக மூடாத ஹாலில் வெறும் சாம்பல் சுவராகத் தெரியும். எங்கள் ஆலைக் காட்சியில் நடுத்தர ஒளியைக் கூட்டி, கறுப்பைக் கொஞ்சம் மேலே தூக்கி, அந்த ஹாலுக்கென்றே தனியாக ஒரு பிரதி எடுக்க வேண்டியிருந்தது. ஹாலின் ஸ்பீக்கரில் ஒன்று வேலை செய்யாமலும் இருக்கலாம். முக்கியமான ஓசை எதையும் இடப்பக்கமோ வலப்பக்கமோ மட்டும் வைக்காமல் நடுவில் வையுங்கள்.